நாற்பது மில்லி

ஊமெயோவில் நவம்பர். மூன்று மணிக்கே இருட்டு.
நடைக்கூடத்தில் பத்து மீட்டருக்கு
மஞ்சள் நாடா ஒட்டியிருக்கிறேன்.
அதன் தொடக்கத்தில் நிற்கிறார்
ஹில்டிங் நோர்க்விஸ்ட், எழுபத்து நான்கு.
கிளம்பச் சொன்னால் கிளம்பாத கால்கள்.
தரைக்குள் காந்தம் இருக்கிறது என்கிறார்.
நானும் ஒருமுறை குனிந்து பார்த்தேன்.

முப்பத்தெட்டு காலடி. இருபத்தொன்பது நொடி.

வயசாச்சு என்றே அனுப்பியிருந்தார்கள்
மூன்று ஊர் மருத்துவர்கள்.
மறதிக்கும் அதே பதில்,
நனைந்த படுக்கைக்கும் அதே.
படம் எடுத்தால் மூளையின் உள்ளறைகள்
ஆளில்லாத வீட்டின் அறைகள்போல்
பெரிதாகிக் கிடந்தன.

இடுப்பில், எலும்பிடுக்கில் ஊசி.
மூளைத் தண்டுவட நீர், நாற்பது மில்லி.
அரைக் கோப்பை காபிகூட ஆகாது.
வெளிச்சத்தில் பிடித்தால்
வெளிச்சம்தான் தெரிகிறது.

"ஆறு மாதிரி ஓடுமா?"
அணையில் மதகு பார்த்த மனிதர்.
இல்லை என்றேன்.
ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் இறங்கும்,
கொஞ்சம் ஏறும்.
எங்கே போய் வடிகிறதென்று
இன்னும் எங்களுக்குள் சண்டை.
"அப்ப அது ஆறில்ல.
முடிவெடுக்காத தண்ணி."

மூன்று மணி நேரம் கழித்து, அதே நாடா.
இருபத்திரண்டு காலடி. பதினைந்து நொடி.
மனைவி ஆல்ஃபில்ட் கைதட்டவில்லை.
கையுறையைக் கழற்றி
மறுபடி மாட்டிக்கொண்டாள்.
மூன்றாம் நாள் எல்லாம் பழையபடி.

பிறகுதான் ஆய்வு.
எல்லோருக்கும் தோலுக்கடியில் குழாய்,
காதுக்குப் பின்னால் வால்வு.
பாதிப் பேருக்குத் திறந்து,
பாதிப் பேருக்கு மூடி.
யாருக்கு எதுவென்று உறைக்குத்தான் தெரியும்.
எனக்குத் தெரியாது.
தெரியவும் கூடாது.

வாசலிலிருந்து தபால்பெட்டி வரை
ஆல்ஃபில்ட் எண்ணி நாட்காட்டியில் எழுதினாள்:
தொண்ணூற்றாறு.
எண்பத்தெட்டு.
எழுபத்தொன்பது.
ஒரு நாள் வெறும் "பனி" என்று.

மூன்றாம் மாதம் உறையைப் பிரித்தோம்.
மூடியிருந்தது.

அவள் நாட்காட்டியை மடியில் கவிழ்த்தாள்.
ஹில்டிங்தான் சிரித்தார்:
"அப்ப அந்த எழுபத்தொன்பத நடந்தது யாரு?"
என் படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

மருத்துவர் காதுக்குப் பின்னால்
காந்தமொன்றை வைத்து
தோலுக்கு வெளியிலிருந்தே திருப்பினார்.
சத்தம் எதுவும் கேட்கவில்லை.
"தரைக்குள்ள இருந்தத
ஒருவழியா தோண்டி எடுத்துட்டீங்க" என்றார்.

மஞ்சள் நாடாவின் ஒரு முனை உரிந்திருந்தது.
கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டு
நிறுத்துக்கடிகாரத்தைச் சுழியமாக்கினேன்.