காலி எடை

வேலந்தாவளம் சோதனைச்சாவடி தாண்டி
இரண்டாவது எடைமேடை எங்களுடையது.
எங்களுடையது என்றால், தங்கப்பன் முதலாளியுடையது.
நான் சீட்டு போடுகிறவள்.
அம்சவேணி. தபாலில் முடித்த பி.காம்.

மொத்த எடை, காலி எடை, நிகர எடை.
நாளைக்கு எழுபது லாரி:
தேங்காய் மட்டை, இளநீர், பிராய்லர் கோழி, வைக்கோல்.

ஆனி பிறந்தால்
பாலக்காட்டுக் கணவாய்க்குள் இருந்து
காற்று கட்டவிழ்த்துவிட்டது போல வரும்.
வைக்கோல் லாரி அப்போது
காலையில் சொன்ன எடையை மதியம் சொல்லாது.
நாற்பது கிலோ குறையும்.
ஒரு தடவை அறுபது.

"நாப்பது கிலோவ யாரு தின்னது, நீயா?"
வியாபாரி மேஜையைத் தட்டினார்.
"காத்துங்கண்ணா" என்றேன்.
நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.
நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.
காற்று வைக்கோலின் முதுகேறி விரைகிறது,
விரையும்போது மேலே இழுக்கிறது.
பத்து டன் லாரி
நாற்பது கிலோ அளவுக்குப் பறக்க ஆசைப்படுகிறது.
அவ்வளவுதான் விஷயம்.

அன்றிலிருந்து தீர்ந்த சீட்டுப் புத்தகங்களின் பின்பக்கம்
காற்றின் வேகம், குறைந்த கிலோ,
சுமையின் உயரம்.
வேகம் அளக்க ஒரு கருவி,
தீபாவளிப் போனஸில் பாதி.
புடவை எங்கே என்று வீட்டில் கேட்டார்கள்.

கணக்குதான் ஆளைக் கொன்றது.
வகைக்கெழுவில் பதினான்கு மாதம் நின்றேன்,
ஆர்.சி. புத்தகம் இல்லாமல் மாட்டிய வண்டி போல.
கொசுவர்த்தி மூன்று எரிந்தும்
ஒரு பக்கம் நகராத ராத்திரிகள் உண்டு.

பால் டேங்கர் மருதாசலம்
மேடைமேல் பிரேக் போட்டதும்
இலக்கங்கள் நிற்காமல் ஆடும்.
"பாதி டேங்க்தான் புள்ள மோசம்.
முழுசும் சும்மா இருக்கும், காலியும் சும்மா இருக்கும்."
இறக்கைக்குள் எரிபொருளும் இப்படித்தான் அலையும் என்றேன்.
"எந்த எறக்க?" என்றார்.

பதினொரு விண்ணப்பம்.
பட்டம் என்ற கட்டத்தைத் தொட்டால்
நாலு பெயர் கீழே இறங்கும்.
நாலிலும் நான் இல்லை.
'மற்றவை' என்றுகூட ஒன்று இல்லை.

பன்னிரண்டாவதைத் தபாலில் போட்டேன்.
சூலூர்ப் பக்கம் இரண்டு பேர் உட்காரும் விமானம்
செய்துகொண்டிருந்தவர்களுக்கு,
இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டுகளின் நகல்.
கடிதம் ஒன்றரைப் பக்கம்.
மலையாளத்தில் எழுதுவதா என்று யோசித்துத்
தமிழிலேயே எழுதினேன்.

குருவிளா மேடம் கூப்பிட்டபோது
மேடையில் கோழி லாரி.
"ஏரோநாட்டிகல் இல்லையல்லோ?"
"இல்லீங்க. பி.காம்."
எதிர்முனையில் மின்விசிறி கேட்டது.
"ஒரு விமானத்தோட எடை எங்க மையம் கொண்டிருக்குன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"
"முன்சக்கரத்தை மட்டும் மொதல்ல ஏத்தச் சொல்லுவேங்க.
அப்பறம் பின்சக்கரம். நடுவுல எத்தனை அடின்னு அளப்பேன்.
கோழிகளை மட்டும் அசையாம இருக்கச் சொல்லணும்."

சிரித்தாரா என்று தெரியவில்லை.
"இங்க எல்லாருக்கும் இறக்கை வரையணும்.
எடை பார்க்க ஒருத்தரும் இல்லை.
ஆறு மாசம். அதுக்கப்பறம் பார்க்கலாம்."

சம்பளம் தங்கப்பன் முதலாளி தருவதைவிட
எண்ணூறு குறைவு.
பஸ் செலவு தனி.

இப்போது ஆணி எடை, பசை எடை,
பெயிண்ட் எடை எழுதுகிறேன்.
பெயிண்டுக்கும் எடை உண்டு என்பதை
அவர்கள் பாதிப்பேர் மறந்திருந்தார்கள்.
நேற்று மூன்று சக்கரத்துக்கும் கீழே மூன்று தராசு வைத்து
முதன்முறை முழு வண்டியை நிறுத்தோம்.
வண்டி என்றுதான் வாய் வருகிறது.

காகிதம் சொன்னதைவிடப் பதினொரு கிலோ அதிகம்.

இறக்கை வரைந்த நிதின்
திரையிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டான்:
"நீங்க எந்தக் காலேஜ்?"

"பதினொரு கிலோ" என்றேன்.

"எங்க இருக்கு அந்தப் பதினொன்னு?"

வால்பக்கம் என்று நினைக்கிறேன்.
தராசுகளை மறுபடி பூஜ்யத்தில் வைத்து
தேடிக்கொண்டிருக்கிறேன்.