நாலாவது மீற்றர்

தண்ணீரூற்றுச் சந்தியிலிருந்து முந்நூறு மீற்றர்.
ஒரு கூரை, நாலு குடும்பம்.
ஒரு கிணறு, நாலு கரண்ட் மீற்றர்.
விலை எண்பத்து நாலு இலட்சம்.
உறுதிக் காணிதான் அக்கா, பெர்மிற் இல்லை என்று
தரகர் கிருபாமூர்த்தி மூன்றாம் தரமும் சொன்னபோது
நொத்தாரிசிடம் போகவேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

கூட்டுறவுச் சங்கத்தில் இருபத்திரண்டு வருடம்
பிறர் கணக்கில் பிழை பிடித்தவள் நான்.
வயல் விற்ற காசும் சேமலாப நிதியும்
கைப்பைக்குள் ஒரு காசோலைப் புத்தகமாய்க் கிடக்கின்றன.

முதல் வீட்டில் கடன் கொம்பனிப் பொடியன்.
ஊரெல்லாம் வாரக்கடன் அறவிடுகிறவன்
வாடகைக்கு மட்டும் தவணை கேட்கிறானாம்.
அடுத்தது இரவுக் கடமைத் தாதி, பகலில் பூட்டிய கதவு.
மூன்றாவதில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும்.
கிணற்றைக் கேத்தல் காட்டிக்கொடுத்தது,
அடியில் ஒரு விரல் கனத்துக்குச் சுண்ணாம்பு.

சுவரில் பாதி பழையது, பாதி புதியது.
எந்த வருடம் என்று நான் கேட்கவில்லை.
தேய்மானத்தை இரண்டு வீதத்தில் போட்டேன்.

மாதம் ஐம்பத்து மூவாயிரம்.
மலகூடக் குழி, மோட்டர், சோலைவரி,
ஆளில்லாத மாதங்கள் எல்லாம் கழித்தால்
வருடம் ஐந்து இலட்சம் தேறும்.
வங்கியில் கிடந்தால் இதைவிடக் கூட வரும்.
வங்கி ஒழுகாது.

"நாலாவது வீட்டைப் பாருங்கோ" என்றார் தரகர்.
"பதினொரு வருசம், ஒன்றாம் திகதி தவறாது.
அவையள் எழும்பவே மாட்டினம்.
சொந்தக் காணி முகாம் வேலிக்குள்ளை.
எங்கை விடப்போறாங்கள்?"

நிரந்தரம், என்று எழுதினேன்.

அந்த வீட்டு நாகேந்திரம்
வாடகைச் சிட்டைகளைக் கம்பியில் குத்தி வைத்திருந்தார்.
நான் வாங்கினால் கூட்டுவேனோ என்று கேட்கவில்லை.
அங்கை இருபத்தேழு தென்னை, என்றார்,
இப்ப ஆர் பறிக்கினமோ.
செவ்வாய்க்கிழமை நில அளவைக்காரர் வந்துபோனவையாம்.

நல்லது, என்றேன்.
சொல்லி வாய் மூடமுன்
வருமானத்தில் ஆறில் ஒரு பங்கைக் கழித்துப் பார்த்துவிட்டேன்.
முகாம் இன்னும் ஐந்து வருடம் இருந்தால்
கணக்குச் சரிவரும்.
அந்த வரி
என் கையெழுத்தில்தான் இருந்தது.

ஒழுங்கை முடிவில் ஸ்கூட்டியை நிறுத்தி
சீற்றின்மேல் தாளை விரித்து
நிரந்தரத்தை வெட்டினேன்.
நாலாவது வீடு, வருகிற தையிலிருந்து காலி.
கூட்டல் மறுபடி தொடக்கத்திலிருந்து.

எழுபத்தொன்று, என்று தொலைபேசியில் சொன்னேன்.
அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை.

"என்னக்கா, அவை போகமாட்டினம் எண்டெல்லோ சொன்னனான்!"

போவினம், என்றேன்.