இடது பின் சில்லு

வெயில் மதில் ஏறுமுன் தொடங்கவேண்டும்.
சூடான சில்லில் சவர்க்காரத் தண்ணி காய்ந்தால்
அதுவும் ஒரு கறை.

அரைவாளி தண்ணி.
பாத்திரம் கழுவும் திரவம் மூன்று துளி.
நைந்த பருத்திச் சட்டையின் முதுகுத் துண்டு,
இடுக்குகளுக்குள் விட ஒரு பல்லு பிரஷ்.
இவ்வளவுக்குத்தான் அனுமதி.
பிராசோ கூடாது. புளி கூடாது.
தேசிக்காய் கூடவே கூடாது.
அலுமினியச் சட்டியைச் சாம்பல் போட்டு உரசி
முகம் பார்க்க வைத்த கைகள் என்னுடையவை.
முதலில் இவற்றைத்தான்
கட்டிவைக்கவேண்டியிருக்கிறது.

இது சட்டி இல்லை.
அமிலத் தொட்டிக்குள் இறக்கி மின்சாரம் பாய்ச்ச
தன்னிலிருந்து தானே வளர்த்துக்கொண்ட
ஒரு தோல் இதற்கு உண்டு.
பூசியதென்றால் சுரண்டிவிட்டுத் திரும்பப் பூசலாம்.
வளர்ந்ததை என்ன செய்வது?

நாளைக்கு உவர்மலையில் கலியாணம்.
மாப்பிள்ளையின் மச்சான் குகதாசன்
ரெண்டுதரம் எடுத்துவிட்டார்.
"அக்கா, பேஜோ பழசெண்டால்தான் வடிவு.
ஆனா சில்லு மினுங்கவேணும்.
ட்ரோனில படம் பிடிக்கிறாங்கள்."
மேலே பறக்கிறது சில்லையா பார்க்கும்?
கேட்கவில்லை.
முற்பணத்தில் பற்றரி வாங்கியாயிற்று.

வலது முன் சில்லில் பிரேக் தூசி.
கந்தளாய் றோட்டின் ஒவ்வொரு மாட்டுக்கும்
மிதித்த மிதி, மண்ணிறத்தில்.
நனைத்து, பொறுத்து, துடைத்தால்
பாதி போகும். மீதி கோபிக்காது.

வலது பின்னுக்குச் சீனக்குடா.
சீமெந்துத் தூசிக்குள் ஒரு கிழமை நின்றது;
இரவுப் பனி அதைக் குழைத்துக்கொடுத்தது.
சாம்பல் புள்ளிகள், அம்மைத் தழும்புபோல.
விரலால் தடவினால் ஒன்றும் தட்டுப்படவில்லை.
கண்ணுக்கு மட்டும் தெரிகிற மேடுபள்ளம்.

இடது முன் சில்லு
ஒரு கரைச்சலும் தராத பிள்ளை,
அதனால் அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை.

இடது பின்.

போன மார்கழியில், மழை விட்ட ஒரு பின்னேரம்,
கக்கூஸ் தரை கழுவும் போத்தலை
மூடி திறந்து சாய்த்தவள் நான்தான்.
நுரைத்தது. அழகாக நுரைத்தது.
கறை கரைகிறதென்று சிரித்துக்கொண்டு நின்றேன்.
கரைந்தது தோல்.
தண்ணி அடித்த பிறகு பார்த்தால்
கண்ணில் பூ விழுந்த கிழட்டு நாய்போல
வெள்ளையாய் என்னைப் பார்த்தது சில்லு.
யாராவது கேட்டால்
சேர்விஸ் ஸ்டேஷன் பொடியனின் வேலை என்பேன்.
அப்படி ஒரு பொடியன் இல்லை.
அவனுக்கு நான் பெயர்கூட வைத்திருக்கிறேன்.

இன்றைக்கு அதையும் கழுவினேன்,
மற்ற மூன்றுக்கும் கொடுத்த அதே மூன்று துளியால்,
ஒரே திசையில், அழுத்தாமல்.
தேய்த்தால் மினுங்கும் என்று ஒரு நினைப்பு
தோள்மூட்டுவரை வந்தது.
வந்து, திரும்பிப் போனது.
உலர்ந்த துணியால் ஒற்றினேன்.
வெள்ளை வெள்ளையாகவே,
ஆனால் சுத்தமான வெள்ளை.

இரவு, இடப்பக்கம் மதிலோரமாய் வரும்படி
ரிவேர்ஸ் எடுத்து நிறுத்தினேன்.
நாளை மணப்பெண்ணை
வலப்பக்கத்தால் ஏற்றலாம், இறக்கலாம்.
மதில்தானே, யாரிடம் சொல்லப்போகிறது.

விடியக் கதவைத் திறந்தால்
மதிலுக்கும் காருக்கும் இடையில் ஒரு மான்.
கோட்டைப் பக்கமிருந்து இறங்கி
கடதாசி மென்றுகொண்டு றோட்டில் திரிகிற கூட்டத்தில் ஒன்று.
ஒரே இரவில் கடல்காற்று கொண்டுவந்து ஒட்டிய உப்பை
வேறெந்தச் சில்லையும் விட்டுவிட்டு
இடது பின்னில்
நிதானமாய் நக்கிக்கொண்டு நின்றது.
நாக்குப் போன வழியெல்லாம்
ஈரத்தில் மினுங்கியது அலுமினியம்,
வாங்கிய நாளில் மினுங்கியதுபோல.

சூ என்று சொல்ல வாய் வரவில்லை.
அது போகும்வரை நின்றேன்.
பிறகு, எச்சில் காயுமுன்
வாளியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.