கூட்டக் குறிப்பு, பக்கம் நான்கு

பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டு அறை. நவம்பர்.
மூன்றரைக்கே இருட்டிப்போன செவ்வாய்.
வாசலில் ஈரக் காலணிகள்
ஆட்களுக்கு முன்பே வரிசைக்கு வந்துவிட்டவை போல.

பிள்ளைகளின் நாற்காலிகளில் முழங்கால் இடிக்க
நாற்பத்தொரு பேர். எண்ணியவள் நான்.
எண்ணுவதும் எழுதுவதும்
நகராட்சி எனக்குத் தந்த வேலை.

திரையில் டிராம் பாதை, ஒரு சிவப்புக் கோடு.
கோயிவுமாகிக் குன்றேறி, சந்தைச் சதுக்கத்தில் வளைந்து
ஏரிக்கரையில் நின்றது,
தண்ணீர் குடிக்க வந்தது மாதிரி.
பொறியாளர் யூசிலா "கேள்விகள்?" என்றார்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
எங்கள் ஃபின்லாந்து மௌனம் அப்படித்தான்,
காபி வரும்வரை கலையாது.

காபி வந்தது, ஏலக்காய் மணக்கும் ரொட்டியோடு.
அப்புறம் அடைமழை.

பிர்ச் மரங்கள் எத்தனை விழும்?
வாடகை ஏறினால் யார் பொறுப்பு?
துணிக்கடை இருந்த இடத்தில் உடற்பயிற்சிக் கூடம்;
"ஒரு ஜோடி சாக்ஸ் வாங்க நான் ஊரைக் கடக்க வேண்டும்,
நின்ற இடத்திலேயே ஓட மட்டும்
வீட்டெதிரில் வசதி" என்றாள் ஹில்கா.
சிரித்தோம். சிரிப்பை நான் குறிக்கவில்லை.

உபா எழுந்தாள். சோமாலியாவிலிருந்து வந்தவள்,
இந்தக் குன்றில் பதினேழாவது குளிர்காலம் அவளுக்கு.
"முதல் பேருந்து ஐந்து பத்துக்கு. அதை விட்டால்
ஆஸ்பத்திரித் தரையை யார் துடைப்பது?
கோடு வரட்டும். நாளைக்கே வரட்டும்."
மரங்களுக்காகப் பேசியவர்
ரொட்டியைப் பிட்டுக்கொண்டே இருந்தார், தின்னாமல்.

மூன்றாவது புள்ளி விழுந்த இடம்
ரைமோவின் பெட்டிக்கடை.
செய்தித்தாள், லாட்டரிச் சீட்டு, கரிய உப்பு மிட்டாய்,
ஐஸ் ஹாக்கி முடிவுகள், கேட்காமலே.
அறை முழுக்க அவர் பக்கம் திரும்பிப் பார்த்தது,
உடனே பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டது.
கோப்பையைக் காதைப் பிடித்துச் சுற்றினார் ரைமோ.
"நிறுத்தத்தில் பெஞ்சு உண்டா?" என்றார்.
"முதுகு சாய்கிற பெஞ்சு?"

அவ்வளவுதான். நாற்பது நிமிடம் பெஞ்சு.
மரமா இரும்பா, இரும்பென்றால் தை மாதக் குளிரில்
யார் உட்காருவது? ஏரியைப் பார்த்தா, ரோட்டைப் பார்த்தா?
கைப்பிடி வேண்டும், இடுப்பு மாற்றிய ஆட்கள் இருக்கிறார்கள்.
மரங்களுக்குக்கூடத் தூக்காத கைகள் தூக்கின.
கடையைப் பற்றிக் கேட்க நா எழாத எல்லோரும்
பெஞ்சைப் பற்றிக் கேட்டார்கள்.

நான் எழுதினேன்:
"இருக்கை வசதி பரிசீலிக்கப்படும்."

நல்ல சொல். பத்து வருடமாய் எழுதுகிறேன்.
மாற்றப்படும், அகற்றப்படும், ஆவன செய்யப்படும்.
எல்லாம் "படும்" என்றே முடியும்.
படுவது யார் என்று
எந்தப் பக்கத்திலும் எழுத வேண்டியதில்லை.

டிராம் வந்துவிட்டது. பொய் சொல்லக் கூடாது,
அழகாகத்தான் இருக்கிறது. நானும் அதில்தான் போகிறேன்.
உபாவுக்கு இருபத்தைந்து நிமிடம் கூடுதல் தூக்கம்.
அதை அவள் என்னிடம்
சம்பள உயர்வைச் சொல்வது போலச் சொன்னாள்.

பெட்டிக்கடை நின்ற இடத்தில் பார்சல் அலமாரி,
மஞ்சள், அறுபது கதவு. எண்ணைத் தட்டினால்
ஒரு கதவு திறக்கும். ஹாக்கியில் யார் ஜெயித்தது என்று சொல்லாது.
ஹில்காவின் சாக்ஸ் இப்போது அதில் வருகிறது.

பெஞ்சும் வந்தது, ஒரு வகையில்.
இடுப்பு உயரத்தில் சரிந்த கம்பி ஒன்று.
சாயலாம். உட்கார முடியாது.
உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்களாம் யாரோ.

நேற்று காலை பதினோரு மணிக்கு
அதில் சாய்ந்திருந்தார் ரைமோ,
கையில் யாருக்கோ அனுப்பும் பெட்டி.
என்னைப் பார்த்தார். நான் தொப்பியைச் சரி செய்தேன்.
"பரிசீலித்துவிட்டார்கள் போல" என்றார்.
குரலில் கோபம் இருந்திருந்தால்
எங்கே கையெழுத்துப் போடுவதென்று எனக்குத் தெரியும்.

டிராம் வந்தது, சொன்ன நிமிடத்தில்.
கதவருகே சாயும் முதுகுள்ள ஓர் இருக்கை காலி.
உட்கார்ந்தேன்.