பூஜ்யம் பைட்

சித்ரா என்றால் ஊரில் சிரிக்கிறார்கள்.
அது தீவின் பெயர் என்று
எத்தனை முறை சொல்வது.
எண்ணெய்த் தொட்டிகளுக்கு இந்தப் பக்கம் எங்கள் யார்டு.
நான் டைம்கீப்பர்.
நாற்பத்து மூன்று பேர்
உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம்,
ஏழு மாதமாக.
சம்பளம் மட்டும் எந்த நேரத்திலும் வரவில்லை.

மூடப்போகிறார்கள் என்று
கிரேன் ஓட்டும் காஜா மைதீன் சொன்ன இரவு
மனாமா போய் இரண்டு பென் டிரைவ் வாங்கினேன்.
டைம்ஷீட் படங்கள், கேட் கேமராவின் வீடியோ,
விடிவதற்குள் ஏற்றியாக வேண்டும்.
எந்த முறையில் ஃபார்மட் செய்வது
என்று கேட்டது லேப்டாப்.
வாழ்நாளெல்லாம் அந்தக் கேள்விக்கு
படிக்காமலே ஓகே சொன்னவன் நான்.

ஃபேட்32 நாலு ஜிபிக்கு மேல் ஒரு கோப்பை வாங்காது.
ஆறு ஜிபி கேட் வீடியோ
கேட்டிலேயே நின்றுவிடும்.
என் லினக்ஸுக்குப் பிடித்தது இஎக்ஸ்டி4.
ஆனால் லேபர் ஆபீஸ் கணினியில் செருகினால்
'இதை ஃபார்மட் செய்யட்டுமா?' என்று அது கேட்கும்,
அங்கேயும் ஒருவர்
படிக்காமல் ஓகே சொல்வார்.

எக்ஸ்ஃபேட் நல்ல பிள்ளை.
எல்லோருடனும் ஒத்துப்போகும், போனிலும் திறக்கும்.
பாதி ஏறும்போது
மேல் அறையில் யாரோ ஏசி போட்டார்கள்,
பிரேக்கர் விழுந்தது.
பேட்டரி செத்து வருஷமான லேப்டாப்பும் கூடவே.

திரும்பத் திறந்தால்
மார்ச் என்று பெயர் இருக்கிறது.
அளவு: பூஜ்யம் பைட்.
எங்கள் சம்பளச் சீட்டும் அப்படித்தான் இருக்கும்.

இரண்டாவதை என்டிஎஃப்எஸ் ஆக்கினேன்.
செய்யப்போவதைக் குறித்துக்கொண்டு
அப்புறம் செய்கிற சுபாவம் அதற்கு.
கம்பெனியிடம் கேட்டால்
'அடுத்த மாசம்' என்று வாயால்தான் வரும்,
எழுத்தில் ஒரு வரி கிடையாது.
மனசைக் கல்லாக்கி, ஏறும்போதே பிடுங்கிப் பார்த்தேன்.
பாதியில் நின்ற கோப்பு ஒன்று போனது.
மற்றதெல்லாம் அததன் இடத்தில்.
எது எங்கே என்பதைத்தான் அது காக்கும்,
உள்ளே இருப்பது கெட்டால் அதற்குத் தெரியாது.
ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் எடுத்து
அரிசிப் பை அட்டையில் பேனாவால் எழுதினேன்.
மணி மூன்றே முக்கால்.

இது கவுண்டருக்கு.
முதலாவதைத் துடைத்து, மறுபடி எக்ஸ்ஃபேட்டாகவே ஏற்றி
ஆட்களிடம் கொடுத்தேன்,
அவரவர் மணிக்கணக்கை
அவரவர் போனிலேயே பார்க்கட்டும் என்று.
செருகவும் பிடுங்கவுமாக இருப்பார்கள், தெரியும்.
அதனால்தான் இன்னொன்று.

ஃபிட்டர் பொன்னுலிங்கம்
மார்ச்சைத் திறக்கச் சொன்னார்.
முந்நூற்றுப் பன்னிரண்டு மணி நேரம்.
அதை அவர் பார்க்கவில்லை.
கீழே கையெழுத்தை இரண்டு விரலால் விரித்து
விரித்துப் பெரிதாக்கி,
'கை வெந்த மாசம்.
இது இடது கையால போட்டது,
ஒத்துக்குவாங்களா?' என்றார்.

டிரைவின் விளக்கு
இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது.
இருங்கள், பிடுங்காதீர்கள் என்றேன்.