தெற்கு பார்த்த பெட்டி

பாளையங்கோட்டையில் சவப்பெட்டி செய்கிற சவரிராயனிடம்
ஒரு பெட்டிக்குப் பலகை வேண்டும் என்றேன்.
"ஆளு எத்தனை அடி?" என்றார், தலை நிமிராமல்.
"ஒன்றேகால்."
இழைப்புளி நின்றது.
பிள்ளையென்று நினைத்துவிட்டார்.
கூகைக்கு என்றதும்
என்னையே பார்த்தார், பிறகு இருமல் வரும்வரை சிரித்தார்.
வேம்பில் நான்கு துண்டு, அயினியில் இரண்டு.
காசு வாங்கவில்லை.

நீளம் இரண்டடி, உயரம் ஒன்றரை.
வாசல் ஒரு சாண். என் சாண்; அவர் கை பெரிது.
வெளியே உட்காரக் குச்சி கூடாது,
காக்காய்க்கு அது வெற்றிலைபாக்கு வைத்த மாதிரி.
ஈரம் இறங்க அடியில் ஐந்து துளை.
உள்ளே இரண்டு கை மரத்தூள்.
யாருக்கோ அளந்து வெட்டியதில் மிஞ்சிய பலகையொன்றில்
பென்சிலால் 5-8 என்று எழுதியிருந்தது.
அழிக்கவில்லை. உள்பக்கமாகத் திருப்பி அடித்தேன்.

பத்தமடைக்கு மேற்கே, கன்னடியன் கால் பாய்கிற
முக்கால் ஏக்கர் பிசானம்.
எலி கொண்டுபோனது போகக் கோயிலுக்குப் பாட்டம்,
பாட்டம் போக நான்.

மோட்டார் ரூமை ஒட்டி, கம்பி கழற்றிய பழைய போஸ்ட்.
மின்வாரியத்துச் சம்சுதீன் பெட்டியோடு ஏறினான்.
பதினைந்தடியில் நின்று கேட்டான்:
"எந்தப் பக்கம் பார்க்கணும்க்கா?"
மேற்கே வைத்தால் ஆடிக்காற்று குடியேறிவிடும்.
வடக்கும் கிழக்கும் ஐப்பசி மழைக்கு வாய் திறந்தவை.
"தெற்கே."

வரப்பில் ஆவுடையப்பன்.
"சாவுக்குருவி. சவப்பெட்டிப் பலகை. எமன் திசை.
இன்னும் என்ன மதினி பாக்கி?
அதுவும் என் களத்தைப் பாத்து."
எனக்குப் பதில் வரவில்லை.
இந்தப் பூவுக்கு மட்டும் எலிமருந்து வைக்காதே என்றேன்.
மருந்து தின்ற எலி தள்ளாடும்,
தள்ளாடுவதைத்தான் கூகை முதலில் தூக்கும்.
சரி என்று சொல்லாமல் போனான்.

கார்த்திகையில் மைனா வந்து வைக்கோலைத் திணித்தது.
சம்சுதீன் மறுபடி ஏறி, வைதுகொண்டே இழுத்துப் போட்டான்.
மார்கழியில் ஆவுடையப்பனின் கன்றுக்குட்டி செத்தது.
அவன் என்னைப் பார்க்கவில்லை,
போஸ்டைப் பார்த்தான்.

தையில், கதிர் பால் பிடித்திருந்தபோது
போஸ்டடியில் கிடந்தது
கட்டைவிரல் தடிமனில் கறுத்து மினுங்கும் ஓர் உருண்டை.
வெந்நீரில் ஊறப்போட்டு ஈர்க்கால் பிரித்தேன்.
மயிர். மயிருக்குள் வெட்டிய நகம்போலத் தாடைகள்.
மஞ்சள் பல்லோடு மண்டையோடுகள், எதுவும் நொறுங்காமல்.
எப்போது வந்து குந்தினானோ ஆவுடையப்பன்.
"நாலா?"
"நாலு."
"ஒரு ராத்திரிக்கா?"
தெரியாது என்றேன். தெரியாதுதான்.

மாசியில் பெட்டிக்குள் சீறல். பாம்பில்லை.
சம்சுதீன் போனில் படமெடுத்து இறங்கினான்:
ஐந்து குஞ்சு, ஏணிப்படிபோல ஒன்றுக்கொன்று இளைத்து,
மூத்ததுக்கு முகம் வெளுத்துவிட்டது,
கடைசி இன்னும் உரித்த கோழி.
பின்னால் பலகையில், 5-8.

படத்தைச் சவரிராயனுக்கு அனுப்பினேன்.
உடனே கூப்பிட்டார்; கூப்பிட்டுவிட்டுப் பேசவில்லை.
பிறகு, "மூடி எப்படிப் போட்டே?"
"கீல் வச்சிருக்கேன். திறந்து கூட்டணும்ல."
"நல்லது," என்றார்.
"நான் ஆணிதான் அடிப்பேன்."

ஆவுடையப்பன் மருந்து வைத்தானா,
இதுவரை கேட்கவில்லை.
பொழுது இருட்டினால் வரப்பில் நின்று எண்ணுகிறேன்.
இன்றைக்கு இரண்டு போயின.
ஒன்று வந்துவிட்டது.