பல் பிடித்துப் பார்த்தது

மவுஸை இழுத்தால்
இரண்டு எண்ணி முடித்த பிறகுதான்
தாடை திரும்பும்.
ஒன்று, இரண்டு.
திருமதி லாமாராவின் கீழ்வரிசை
சோம்பல் முறித்துக்கொண்டு
கடைவாயைக் காட்டும்.
பதினான்கு பல் பாலம் என்றால் ஐந்து எண்ண வேண்டும்.
அதற்குள் ஜன்னலுக்கு வெளியே
ரியோனி ஆறு கொஞ்சம் நகர்ந்திருக்கும்.
நான் நகர்ந்திருக்க மாட்டேன்.

குட்டாயிசிக் கடைத்தெருவில்
கம்ப்யூட்டர் விற்கும் பையனுக்கு
ஒரே காதில் இரண்டு வளையம்.
எந்த கேம் விளையாடுவீர்கள், என்றான்.
பற்கள், என்றேன்.
அந்தப் பெயரில் ஒன்று இருக்கிறதா என்று
தேடியும் பார்த்தான், பாவம்.

வெடி வேண்டாம் தம்பி, துரத்தல் வேண்டாம்.
நாக்கில்லாத, எச்சிலில்லாத ஒரு வாய்.
அதில் பல லட்சம் முக்கோணங்கள்.
முடியின் பருமனில் கால்வாசி தவறினாலும்
யாரோ ஒருவர் ரொட்டியைக் கடிக்கும்போதெல்லாம்
என்னைத் திட்டுவார்.

துண்டுத்தாளில் இரண்டு விலை எழுதித் தந்தான்.
மேலே இருந்த எண்ணைப் பார்த்து
தாளை மடித்தேன்.

நுக்சார் தொழிலில் என் பங்காளி,
ஆகவே சண்டையிலும்.
ராம் போட்டால் போதும், கார்டு எதற்கு என்றான் அவன்.
கார்டுதான், ராம் பிறகு என்றேன் நான்.
பீங்கான் அடுப்பு
தொள்ளாயிரம் டிகிரிக்கு ஏறி
ஆறி இறங்கும்வரை
இதையே பேசினோம்.

அப்போதுதான் வந்தான் அவன் மச்சான் தெமூர்.
நிலவறையில் நாணயம் தோண்டியவன்,
மண்வெட்டியால் அல்ல, மின்சாரத்தால்.
கட்டணம் கட்டி மாளாமல் மூடிவிட்டானாம்.
செய்தித்தாளில் சுற்றிய கார்டு ஒரு கையில்,
வால்நட் அரைத்துப் பொதிந்த கத்திரிக்காய் மறு கையில்.
சும்மா வைத்துக்கொள்ளுங்கள், என்றான்.

தானம் வந்த மாட்டைப்
பல் பிடித்துப் பார்க்கக் கூடாதாம்.
பல் பிடித்துப் பார்ப்பதுதானே ஐயா எங்கள் பிழைப்பு!
பார்த்தேன்.
மூன்று விசிறிகளில் ஒன்று
விழக் காத்திருக்கும் பால்பல்லாய் ஆடியது.
தகட்டு இடுக்குகளில்
இருபது வருடம் புகைத்தவரின் ஈறு.
இராப்பகல் அரைத்தே தேய்ந்த சாமான்.
தேய்மானம் பார்த்து வயது சொல்வேன் நான்,
யாரும் கேட்காவிட்டாலும்.

இருந்தும் மாட்டினோம்.
கத்திரிக்காய் ருசியாக இருந்தது.
மறுக்க முகமில்லை.

முதல் நாள் தாடை பறந்தது.
நுக்சார் விசிலடித்தான்.
மூன்றாம் நாள்
பதினோராவது பல்லின் பள்ளத்தை
நான் செதுக்கிக்கொண்டிருக்க
திரை கறுத்தது.
கடைசியாகச் சேமித்தது ஏழாவது பல்லில்.
மீதி நான்கும்
யாரும் பிடுங்காமல், ஒரு சொட்டு ரத்தமில்லாமல்
எங்கே போயின?
பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
அது அரைபடும் சத்தம்
எனக்கே கேட்டது.

மறுநாள் மழையில் போய்
அந்தப் பையன் எழுதாமல் விட்ட
மூன்றாவது விலையைக் கேட்டேன்.
இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருந்திருக்கிறது.
கேம் ஆடுபவர்கள் யாரும் அதை வாங்குவதில்லையாம்.
ராமுக்கு இருக்கும் நாலு குழியில்
இரண்டு பொக்கையாகவே கிடக்கட்டும்,
காசு வரும்போது கட்டிக்கொள்ளலாம்.
எங்களிடம் வருகிறவர்களுக்கும்
நாங்கள் சொல்வது அதுதானே.

தெமூர் நேற்று தெருவில் மறித்தான்.
எப்படி உழைக்கிறது நம்ம கார்டு?
பிரமாதம், என்றேன்.
(கதவு காற்றில் அடிக்காமல் பிடித்திருக்கிறது.)
வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.
மேல்வரிசை இடப்பக்கம் நாலாவது
எங்கள் வேலை.
நிறம் அரைப்படி வெளுப்பு,
அவனுக்குத் தெரியாது.

இன்று திருமதி லாமாராவைத் திறந்தேன்.
மவுஸை இழுத்துவிட்டு
வழக்கம்போல ஜன்னல் பக்கம் திரும்பினேன்.
ஒன்று, இரண்டு.
ஆறு நகர்ந்தது.
திரும்பிப் பார்த்தால்
தாடை எப்போதோ வந்து
வாயைத் திறந்தபடி
எனக்காகக் காத்திருக்கிறது.